முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

மார்கழி மாதத்து மாலை ஆறேகால் மணி. சர்வீஸ் ரோட்டிலிருந்து நான்கு வழிச்சாலையில் ஒரு மொபெட் ஏறுகிறது. பின்சீட்டில் குறுக்காகக் கட்டிய புல்லுக்கட்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஹெட்லைட் எரிகிறது. டெயில் லைட்டும் எரியத்தான் செய்கிறது, ஆனால் அதன் வெளிச்சம் புல்லைத் தாண்டி வெளியே வரவில்லை. நம்பர் பிளேட் பக்கத்திலிருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரில் வாரக்கணக்கில் அப்பிய சேறு. ஓட்டுபவர் போட்டிருப்பது கருநீலச் சட்டை. பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் டிம் வெளிச்சத்தில் இந்த வண்டி வண்டியாகத் தெரிவதற்குள் இடைவெளி சுமார் 30 மீட்டராகக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை விநாடி ஆகும்.

தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும், எந்த பைபாஸிலும் தினமும் காணக்கூடிய காட்சி இது. டூ-வீலர் பாதுகாப்பு என்றதும் பேச்சு ஹெல்மெட்டில் தொடங்கி வேகத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டும் முக்கியம்தான். ஹெல்மெட்டின் வேலை அடிபடும்போது தலையைக் காப்பது. அடி படாமலே தப்ப வேண்டுமானால், சாலையில் வரும் மற்றவர் கண்ணில் வண்டி படவேண்டும், அதுவும் நேரத்தோடு படவேண்டும். இதில் முன்பக்கத்தைச் சட்டம் ஓரளவு பார்த்துக்கொண்டது. பின்பக்கமும் பக்கவாட்டும் நடைமுறையில் அவரவர் கவனத்துக்கே விடப்பட்டிருக்கின்றன.

■ பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது
2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் பேர் டூ-வீலரில் போனவர்கள். ஏறக்குறைய 75,000 உயிர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். நாளை மூன்று மணி நேரம் கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரித்தால், ஆண்டுதோறும் அதிக விபத்துகள் பதிவாவது மாலை 6 முதல் 9 மணி வரையிலான நேரத்தில்தான். ஐந்தில் ஒரு விபத்து அப்போது நடக்கிறது.

இந்த இறப்புகள் எல்லாமே கண்ணில் படாததால் நேர்ந்தவை அல்ல. வேகம், குடி, தலைக்கவசம் இல்லாமை, மோசமான சாலை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் அந்த மாலை மூன்று மணி நேரத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டமும் மங்கும் வெளிச்சமும் ஒன்றாகச் சேரும் நேரம் அது. அந்தி நம்மூரில் நீண்டுகொண்டே போவதில்லை. சூரியன் மறைந்து இருபத்து சொச்சம் நிமிடங்களில் இருட்டிவிடுகிறது. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் சாலை இருண்டுவிடுகிறது.

கண் பார்த்தும் தெரியாதது

விபத்து நடந்த இடத்தில் கார் ஓட்டியவர் சொல்வது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. "திரும்பிப் பார்த்துட்டுத்தான் சார் வண்டியைத் திருப்பினேன். பைக் வந்ததே தெரியல." கூடி நிற்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான்.

அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டியிருந்த மற்ற ஓட்டுநர் வழிவிடாமல் குறுக்கே வந்திருந்தார். மோட்டார்சைக்கிளைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது என்பதே அவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம்.

கண் இருக்கும் ஒருவருக்கு எதிரே வரும் வண்டி எப்படித் தெரியாமல் போகும்? முதல் காரணம் அளவு. மனிதக் கண்ணில் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும் பரப்பு இரண்டு டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம்தான் வரும். நூறு மீட்டர் தூரத்தில் வரும் பைக் அகலத்தில் அரை டிகிரிகூட இல்லை. சந்திப்பில் நிற்கும் ஓட்டுநர் இடமும் வலமும் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு நகர்வதில்லை, தாவித் தாவிப் போகிறது. அந்தத் தாவலின்போது மூளை காட்சியைப் பதிவதில்லை. இரண்டு தாவல்களுக்கு நடுவே விழும் ஒல்லியான பைக் அப்படியே விட்டுப்போகிறது.

இரண்டாவது, வேகத்தைக் கணிப்பதில் வரும் பிழை. நேர் எதிரே வரும் வாகனத்தின் வேகத்தை, அதன் உருவம் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் மூளை கணிக்கிறது. பெரிய லாரி தூரத்திலேயே பெரிதாவது தெரியும். பைக் கடைசி ஒன்றிரண்டு விநாடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். அதனால் 'இன்னும் தூரத்தில்தான் வருகிறது' என்று நினைத்து மீடியன் இடைவெளியில் யு-டர்ன் எடுக்கிறார் காரோட்டி. மூன்றாவது, காரின் முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் தூண். இருபது முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பைக்கையும் அதில் இருவரையும் அந்தத் தூண் முழுசாக மறைத்துவிடும். காரும் பைக்கும் ஒரே சந்திப்பை நோக்கி ஒத்த நேரக்கணக்கில் நெருங்கினால் அந்த மறைப்பு கடைசி வரை விலகாது. தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும் ஓட்டுநர்களுக்குத்தான் பைக் தெரியும்.

பகலில் எரியும் விளக்கு

2017-ல் புது பைக் வாங்கியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தெருவில் எதிரே வருபவர்கள் எல்லாரும் கையைத் தூக்கி விரல்களை விரித்து மூடிக் காட்டினார்கள். 'லைட் எரியுது, அணைங்க' என்று அர்த்தம். அணைக்க முடியாது, ஏனென்றால் அந்த வண்டியில் ஸ்விட்சே கிடையாது. 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய டூ-வீலர்களில் என்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருந்தது.

நமக்கு முன்பே மலேசியா இதைச் செய்துவிட்டது. 1992-ல் பிரசாரமும் சட்டமுமாக மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓடத் தொடங்கின. கண்ணில் படாததால் நேரும் வகையைச் சேர்ந்த விபத்துகள் அதன் பிறகு ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வு கூறியது. நம் நாட்டைப் போலவே வெப்பநாடு, டூ-வீலர் நெரிசல் மிகுந்த நாடு என்பதால் இந்தக் கணக்குக்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு. 1995-ல் சிங்கப்பூரும் இதே வழிக்கு வந்தது.

ஆனால் இந்த நன்மை நாளாக ஆகக் கரையக்கூடியது. பகலில் விளக்கோடு வருவது பைக் மட்டும்தான் என்றிருக்கும் வரை, அந்த ஒற்றை ஒளிப்புள்ளி பைக்கின் அடையாளம். ஐரோப்பாவில் 2011 பிப்ரவரி முதல் புதிய மாடல் கார்களுக்கும் பகல் விளக்கு கட்டாயமானது. கார் விளக்குகளுக்கு நடுவே மோட்டார்சைக்கிளைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். இங்கும் புதிய கார்களில் வெள்ளை எல்.இ.டி. கோடுகள் பெருகிவிட்டன. ஹெட்லைட்டை நம்பி மட்டும் வண்டி ஓட்டும் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

பின்பக்கத்தை யார் பார்ப்பது?

ஓட்டுபவரால் பார்க்க முடியாத விளக்கு டெயில் லைட். ஹெட்லைட் போய்விட்டால் அன்று இரவே தெரிந்துவிடும். டெயில் லைட் போனது மாதக்கணக்கில் தெரியாது. இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. எல்.இ.டி. வராத பெரும்பாலான பைக்குகளின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை எப்போதும் எரிவது, 21 வாட் இழை பிரேக் பிடித்தால் எரிவது. சின்ன இழை கருகிப்போனாலும் பிரேக் பிடித்தால் பளிச்சென்று சிவப்பு வரும். மெக்கானிக் பிரேக் மிதியை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியா இருக்கு' என்று அனுப்பிவிடுவார். அந்த வண்டி பிரேக் பிடிக்காத நேரம் முழுக்க, அதாவது பயணத்தின் பெரும்பகுதி, பின்னால் இருட்டாகவே ஓடும். ஹெட்லைட்டோடு டெயில் லைட்டும் பகலெல்லாம் சேர்ந்து எரிவதால் அந்த இழை முன்னைவிடச் சீக்கிரம் தேய்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோதிப்பது சுலபம். இருட்டிய பிறகு வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால், பிரேக்கைத் தொடாமலே சுவரில் மங்கலான சிவப்பு விழ வேண்டும். பிரேக் பிடித்தால் அது பலமடங்கு கூட வேண்டும். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ஸ்விட்ச் தனி. பல்பு மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது மறைப்பு. புல்லுக்கட்டு, பால் கேன், துணி மூட்டை, கேஸ் சிலிண்டர், கோழிக் கூண்டு என்று தமிழ்நாட்டின் சிறுவணிகம் பாதி மொபெட்டின் பின்சீட்டில்தான் நடக்கிறது. சுமையேற்றாதே என்று அவர்களிடம் சொல்வதில் பொருளில்லை. சுமையின் வெளிப்பக்கத்தில் ஒளி திருப்பும் டேப்பை ஒட்டலாம், அல்லது சுமையைக் கட்டும் கயிற்றிலேயே ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கட்டிவிடலாம். லாரிகளுக்கு ஒட்டும் அதே டேப் ஆட்டோமொபைல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது லாரிகளுக்கான முறை. அதே வரிசையைப் பின்பற்றினால் பின்னால் வருபவர் குழம்பமாட்டார். சுமை மட்டுமல்ல, பின்சீட்டில் இருப்பவரின் மழைக்கோட்டு நுனியும் சேலைத் தலைப்பும்கூட விளக்கை மறைக்கும். சக்கரத்தில் சிக்கும் ஆபத்து தனி.

■ பெட்டிச் செய்தி: ரிஃப்ளெக்டர் எப்படி வேலை செய்கிறது?
சாதாரணக் கண்ணாடி, சாய்வாக விழும் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். ரிஃப்ளெக்டர் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்ததோ அந்தப் பக்கமே அனுப்பும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் சேர்ந்த நுண்ணிய மூலைகள் அதற்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உள்ளே போன ஒளி மூன்றிலும் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அதனால்தான் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது நெருப்புத் துண்டாகத் தெரிகிறது. 1969-ல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த லேசர் எதிரொளிப்பானும் இதே தத்துவத்தில் செயல்படுவதுதான். இதற்கு பேட்டரி வேண்டாம், பல்பு வேண்டாம். ஆனால் மேலே சேறு படிந்தால் பயனில்லை. வானத்தையோ தரையையோ பார்த்து வளைந்திருந்தாலும் பயனில்லை.

டிம் வெளிச்சத்தில் கறுப்பு உடையில் இருப்பவர் சுமார் 30 மீட்டரில்தான் தெரிவார். நல்ல ரிஃப்ளெக்டர் 130 மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் உலர்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் தேவை. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, காலை மாற்றும் தூரமும் அதில் சேர்ந்தது. 30-க்கும் 50-க்கும் நடுவே இருப்பது உயிர்.

எந்த நிறம், எங்கே?

பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டால் போதும் என்பது பாதி உண்மை. வெயிலில் ரத்தச் சிவப்பாக இருக்கும் சட்டை அந்தியில் கறுப்பாகிவிடும். வெளிச்சம் குறையும்போது கண்ணில் வேலை செய்யும் செல்கள் மாறுகின்றன. அவற்றுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது, நீலமும் பச்சையும் ஒப்பீட்டில் நன்றாகத் தெரியும். இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செக் நாட்டு அறிஞர் புர்கினியே கண்டு சொன்னார்.

போக்குவரத்துப் போலீஸாரும் சாலைப் பணியாளர்களும் போடும் கிளிப்பச்சை கலந்த மஞ்சள் மேலங்கியில் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. மஞ்சள் துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. பகலிலும் மூட்டத்திலும் அந்தியிலும் அதனால்தான் அது எரிவதுபோல் தெரிகிறது. நள்ளிரவில் புற ஊதாக் கதிர் இல்லாததால் அது வெறும் மஞ்சள் துணி. அப்போது வேலை செய்வது அதில் தைத்திருக்கும் சாம்பல் பட்டைகள். ஒளி திருப்பும் நுண்மணிகள் இருப்பது அவற்றில்தான். பகலுக்கு ஒன்று, இரவுக்கு மற்றொன்று. துணி மட்டும் மஞ்சளாக, பட்டை இல்லாமல் விற்கும் மேலங்கியை இரவுப் பயணத்துக்கு வாங்குவது வீண்.

இவற்றால் பயன் உண்டா என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் விரிவாகப் பார்த்தார்கள். விபத்தில் சிக்கிய 463 மோட்டார்சைக்கிள் ஓட்டிகளையும், அதே சாலைகளில் ஓட்டிய 1,233 பேரையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஒளிரும் அல்லது ஒளி திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. எங்கே பார்த்தாலும் கறுப்பு ஹெல்மெட்டாகவே தெரியும் நம் சாலைகளில் இது யோசிக்க வேண்டிய எண். அடுத்த ஹெல்மெட் வாங்கும்போது வெள்ளையைக் கேட்பதற்குக் கூடுதல் செலவில்லை.

நிறத்தின் பலன் பின்னணியைப் பொறுத்தது என்பதையும் மறக்கக் கூடாது. கடையும் பேனரும் நிறைந்த நகரத்துப் பின்னணியில் வெளிர்நிற, ஒளி திருப்பும் உடை எடுபடுகிறது. வெளிறிய வானம் மட்டும் பின்னணியாக இருக்கும் திறந்த சாலையில் கறுப்பே எடுபடலாம் என்று இஸ்ரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றை நிறம் இல்லை.

ஆனால் இரவில் சைக்கிள் மிதிப்பவருக்கு எல்லாவற்றையும்விட வலிமையான இடம் ஒன்று உண்டு. அது கால். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூடிய சாலையொன்றில் இரவில் சைக்கிள் ஓட்டிகளை வைத்துப் பரிசோதித்தார்கள். கறுப்பு உடை அணிந்தவரை ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது 2 சதவீத முறை. வெறும் ஒளிரும் மேலங்கி: 15 சதவீதம். ஒளி திருப்பும் மேலங்கி: 50 சதவீதம். அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது: 90 சதவீதம். மார்பில் மின்னும் பட்டை சாலையோரப் பலகையாகவும் இருக்கலாம். மேலும் கீழும் மாறி மாறி அசையும் இரண்டு ஒளிப்புள்ளிகளை மூளை உடனே மனிதன் என்று கண்டுகொள்கிறது. பேன்ட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒரு ஜோடி இருந்தால் போதும், செயினில் பேன்ட் சிக்காமலும் காக்கும்.

சைக்கிள்காரர்கள்

டைனமோ காலத்து மனிதர்களுக்கு நினைவிருக்கும். இருட்டில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். டயரில் உரசிச் சுழலும் டைனமோவின் இரைச்சல் தெருமுனை வரை கேட்கும். அந்தக் கண்டிப்பு போய்விட்டது, டைனமோவும் போய்விட்டது. சாலையின் வேகம் மட்டும் இரண்டு மூன்று மடங்காகிவிட்டது.

இன்று சைக்கிளில் போகிறவர்கள் யார்? அரசு வழங்கிய சைக்கிளில் காலை சிறப்பு வகுப்புக்கும் மாலை டியூஷனுக்கும் போகும் பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். விடியலுக்கு முன் கிளம்பும் பேப்பர் பையன்கள், பால்காரர்கள், ஷிப்ட் முடிந்து திரும்பும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், இரவுக் காவலாளிகள். இருட்டில் சாலையில் இருந்தே தீரவேண்டியவர்கள் இவர்கள். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களின் தரத்துக்கு 2020-ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது நல்ல அடி. ஆனால் ரிஃப்ளெக்டர் தன்மேல் ஹெட்லைட் விழுந்தால்தான் பேசும். பக்கத்துச் சந்திலிருந்து திரும்பும் வண்டியின் வெளிச்சம் சைக்கிள்மேல் விழும்போது வண்டியே சைக்கிள்மேல் வந்திருக்கும். அதற்குத் தனி விளக்கு வேண்டும்.

டென்மார்க்கின் ஓடென்சே நகரில் எப்போதும் எரியும் விளக்கை சைக்கிள்களில் பொருத்திப் பார்த்தபோது, காயம் ஏற்படும் விபத்துகள் 19 சதவீதம் குறைந்தன. பின்னாளில் அதே நாட்டில் ஏறக்குறைய 6,800 சைக்கிள் ஓட்டிகளை வைத்து, பாதிப் பேருக்கு மஞ்சள் ஜாக்கெட் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். மற்றவரோடு மோதிக் காயப்படும் விபத்துகள் ஜாக்கெட் அணிந்தவர்களிடம் 38 சதவீதம் குறைவாக இருந்தன. தமிழ்நாட்டில் அரசு வழங்கும் ஒவ்வொரு சைக்கிளோடும் முன்னால் ஒரு வெள்ளை விளக்கும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் சேர்ந்தே வர வேண்டும். லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும் அரசுக்கு இது பெரிய செலவே அல்ல.

விளக்கிருந்தும் தெரியாத இடம்

எவ்வளவு விளக்கு எரிந்தாலும் கண்ணில் படாத இடமும் சாலையில் உண்டு: லாரி, பஸ்ஸின் இடப்பக்கம். ஓட்டுநர் வலப்பக்கம், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்கும் பைக் அவருக்கு ஜன்னலிலும் தெரியாது, பல நேரம் கண்ணாடியிலும் தெரியாது. பம்பருக்கு நேர் முன்னாலும் அப்படித்தான். சிக்னலில் கிடைத்த சந்தில் நுழைந்து லாரியின் இடப்பக்கமோ முன்னாலோ போய் நிற்பது நம் டூ-வீலர்களின் பழக்கம். பச்சை விழுந்து லாரி இடது பக்கம் திரும்பினால், பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டித் திரும்பும். பைக்குக்குப் போக இடமிருக்காது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதே இதற்கு அளவுகோல். அவர் முகம் தெரியாவிட்டால் நம் வண்டி அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றுவிட வேண்டும்.

ஹை பீமும் இதே கணக்கில் சேரும். கடையில் வாங்கி மாட்டிய கூடுதல் வெள்ளை விளக்கு, எதிரே வருபவரின் கண்ணைச் சில விநாடி குருடாக்குகிறது. அந்த விநாடிகளில் அவர் முன்னே போகும் சைக்கிளைப் பார்க்க முடியாது. தன்னைக் காட்டிக்கொள்ளப் போட்ட விளக்கு இன்னொருவரை மறைத்துவிடுகிறது.

பொறுப்பு யாருடையது?

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கர், சைக்கிள் ஓட்டி ஏழு வகை உடைகளில் போகும்போது கார்கள் எவ்வளவு தள்ளிக் கடக்கின்றன என்று அளந்து 2014-ல் வெளியிட்டார். போலீஸை நினைவூட்டும் சொற்களோடு, படம் பிடிக்கப்படுகிறது என்றும் எழுதிய மேலங்கிக்கு மட்டும் சற்று அதிக இடம் கிடைத்தது. மற்ற எந்த உடையாலும் பெரிய வித்தியாசமில்லை. எது அணிந்தாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேர் அரை மீட்டருக்குள் உரசிக்கொண்டே போனார்கள். பார்த்தும் விலகாதவரை எந்த மஞ்சள் சட்டையும் திருத்தாது. அங்கே வேலை செய்ய வேண்டியது வேகக் கட்டுப்பாடும் அபராதமும் தனிப் பாதையும்தான். விபத்தில் இறந்தவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தார் என்பது மோதியவரின் பொறுப்பைக் குறைத்துவிடாது.

ஆனால் பார்த்திருந்தால் விலகியிருக்கக்கூடிய ஓட்டுநர்களே அதிகம். அவர்களுக்கு அந்தக் கூடுதல் நூறு மீட்டரைக் கொடுப்பது சில பத்து ரூபாய் டேப்பிலும் ஒரு பல்பிலும் ஈரத்துணியால் துடைத்த ஒரு ரிஃப்ளெக்டரிலும் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாதவரை நிறுத்தும் போலீஸார், அதே இடத்தில் வண்டியின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்க்கட்டும். அபராதம் போட வேண்டாம், கையோடு ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி அனுப்பினால் போதும். வாசகர்களும் இன்று இரவே வீட்டு வண்டிகளை, பிள்ளைகளின் சைக்கிள் உட்பட, வாசலில் நிறுத்திப் பின்பக்கம் நின்று பாருங்கள்.